டங்ஸ்டன்: ஒரு கல்லின் பெயர்ப் பயணம்

சுவீடன் மொழியில் 'துங்' என்றால் கனமான என்று பொருள். 'ஸ்டேன்' என்றால் கல். இரண்டும் சேர்ந்தால் 'துங்ஸ்டேன்', அதாவது கனத்த கல். ஆங்கிலத்தின் வழியாக வந்து சேர்ந்து, நாம் டங்ஸ்டன் என்று எழுதிவரும் சொல் இதுதான். மின்விளக்கின் இழையைப் பற்றிப் பள்ளியில் படித்தபோது இச்சொல்லைக் கடந்து வந்த நம்மில் பலருக்கு, இதற்குள் ஒரு கல் இருப்பது தெரியாது. தெரிவதற்கு வழியும் இல்லை. தொகைச்சொற்களின் இயல்பு அப்படி. பிறந்த மொழிக்குள் அவற்றின் உறுப்புகள் துலக்கமாகத் தெரிகின்றன; வேற்று மொழிக்குள் போனதும் உறுப்புகள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடுகின்றன.

நம் இலக்கண மரபில் இதைப் பண்புத்தொகை என்போம். 'துங்' பண்பு, 'ஸ்டேன்' பண்பி. செந்தாமரை, கருங்குவளை போன்ற அமைப்பே. சுவீடன் மொழிக்காரர்கள் இவ்விரண்டு சொற்களையும் இடைவெளி விட்டு எழுதினால், வழியில் கிடக்கும் கனமான கல் எதையும் அது குறிக்கும். சேர்த்து எழுதினால் ஒரு குறிப்பிட்ட கனிமத்தை மட்டும் குறிக்கும். உச்சரிப்பின் அழுத்தமும் மாறிவிடும். இந்த வேறுபாடு நமக்கும் புதிதன்று. 'வெள்ளாடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையான ஆடு என்று பிரித்தால் நிறம் தெரிகிறது. ஆனால் கன்னங்கரேலென்று இருக்கும் வெள்ளாடும் வெள்ளாடுதான். தொகை இறுகிவிட்டால் பண்பு தன் வேலையை முடித்துக்கொண்டு பெயருக்குள் ஒடுங்கிவிடுகிறது.

'ஸ்டேன்' என்பதற்கு உறவினர் பலர். ஜெர்மனியின் 'ஷ்டைன்', ஆங்கிலத்தின் 'ஸ்டோன்' ஆகியவை உடன்பிறப்புகள். 'துங்' அப்படியில்லை. பழைய வடமொழியான நோர்ஸில் அதற்கு மூலம் இருக்கிறது. நார்வே, டென்மார்க் மொழிகளில் அதே வடிவில் வழங்குகிறது. ஐஸ்லாந்து மொழியிலும் உண்டு. (இங்கே வடமொழி என்றது வட ஐரோப்பிய மொழியை, சமஸ்கிருதத்தை அன்று.) அன்றாட ஆங்கிலத்தில் கனத்தைக் குறிக்க அதற்கு இணையான சொல் இல்லை. ஆங்கிலேயரின் காதில் அது நாக்கு என்று ஒலிக்கக்கூடும். நம்மவர் சிலருக்குத் தூக்கு, துங்கம் என்றெல்லாம் நினைவு ஓடலாம். ஒலியொப்புமையைக் கொண்டு உறவு கொண்டாடும் ஆசை நம் சொல்லாராய்ச்சியில் நீண்டகாலமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

நடு சுவீடனில் தாலர்னா என்ற பகுதி இருக்கிறது. இரும்பும் செம்பும் தோண்டியே வாழ்ந்த நிலம். அங்கே சேட்டர் என்ற சிற்றூரை அடுத்த பிஸ்ப்பெர்க் இரும்புச் சுரங்கத்தில்தான் நம் கதை தொடங்குகிறது. இரும்புத்தாது கறுப்பானது, கனமானது. அது சுரங்கத் தொழிலாளிக்குப் பழகிய கனம். அதன் நடுவே வெளிறிய நிறத்தில் ஒரு கல் அகப்படுகிறது. பார்வைக்குச் சுண்ணாம்புக்கல்லின் இனம் போல இருக்கிறது. கையில் எடுத்தால் கை தாழ்கிறது. அதே அளவுள்ள சுண்ணாம்புக்கல்லைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட எடை. காந்த இரும்புத்தாதின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 5.2, இந்த வெளிறிய கல்லுக்கோ ஏறத்தாழ 6. இரும்பை எதிர்பார்த்து இறங்கியவன் கையில் இரும்புத்தாதைவிடக் கனத்த ஒரு வெள்ளைக் கல். அதைக் 'கனத்த கல்' என்று அழைப்பதைவிட இயல்பான பெயர் வேறென்ன இருக்க முடியும்?

1751ஆம் ஆண்டில் இக்கல்லை விவரித்தவர் அக்ஸல் ஃப்ரெட்ரிக் க்ரோன்ஸ்டெட். 1722இல் பிறந்து 1765இல் மறைந்தவர், பிரபுக் குடும்பத்தார், அரசின் சுரங்கத் துறை அதிகாரி. ஊதுகுழலால் சுடரைக் கல்லின்மேல் குவித்து, அது உருகும் விதத்தையும் நிறம் மாறும் விதத்தையும் கொண்டு கனிமங்களை இனங்காணும் முறையைச் செப்பம் செய்தவர்களுள் முதன்மையானவர். கனிமங்களைத் தோற்றத்தால் வகுக்காமல் வேதியியல் உட்கூறுகளால் வகுக்க வேண்டும் என்று 1758இல் ஒரு நூல் எழுதினார். அந்த நூலில் தம் பெயரைப் போடவில்லை. நம் கனத்த கல்லை அவர் இரும்பின் வகைகளுள் சேர்த்தார். ஆனால் அறியப்படாத ஏதோ ஒரு மண் அதில் கலந்திருக்கிறது என்றும் குறித்துவைத்தார். வகைப்பாடு தவறிப்போயிற்று, குறிப்பு தவறவில்லை. அந்த 'அறியப்படாத மண்'தான் பின்னர் வந்தவர்களுக்கு வாசலாயிற்று.

க்ரோன்ஸ்டெட்டின் பெயரிடும் போக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சூடேற்றினால் கொதிப்பதுபோல நீர்விடும் ஒரு கனிமத்துக்கு 1756இல் அவர் 'சியோலைட்' என்று பெயரிட்டார். கொதிக்கும் கல் என்று பொருள்படும் கிரேக்கத் தொகை அது. 1751இல் தாம் கண்டறிந்த வேறொரு புதிய உலோகத்துக்கு 1754இல் 'நிக்கல்' என்று பெயர் வைத்தார். இது ஜெர்மன் சுரங்கத் தொழிலாளரின் வசைச்சொல்லிலிருந்து எடுத்தது. செம்புத்தாது போலத் தோன்றி, உருக்கினால் செம்பு தராமல் ஏமாற்றிய ஒரு தாதை அவர்கள் 'குப்பர்நிக்கல்' என்றார்கள். நிக்கல் என்பது ஒரு குறும்புக் குட்டிச்சாத்தான்; செம்பைத் திருடி வைத்துக்கொண்ட சாத்தான். அவருக்கு முன்பே சுவீடனைச் சேர்ந்த கேயோர்க் பிரான்ட் கண்டறிந்த கோபால்ட்டின் பெயரும் அப்படித்தான். 'கோபோல்ட்' என்பது நிலத்தடியில் உலவும் பூதம். ஆக, கிரேக்கத்தையும் ஜெர்மன் பேய்களையும் தாராளமாகப் பயன்படுத்திய ஒரு காலத்தில், பேயும் புராணமும் இல்லாமல், கையில் உணர்ந்த எடையை மட்டும் சொல்லும் சுவீடன் பெயர் இந்த ஒரு கல்லுக்கு அமைந்தது.

அச்சொல் நிலைபெற்றதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். 1739இல் ஸ்டாக்ஹோமில் சுவீடன் அறிவியல் கழகம் நிறுவப்பட்டது. தாவரங்களுக்கு லத்தீனில் பெயர் சூட்டிய லின்னேயஸ் அதன் நிறுவனர்களுள் ஒருவர். ஆனால் அந்தக் கழகம் தன் ஆய்விதழைத் தாய்மொழியிலேயே வெளியிட்டது. ஐரோப்பிய அறிஞர் உலகம் லத்தீனில் கடிதமெழுதிய காலம் அது. சுவீடனிலேயே உப்சாலாவின் அறிஞர் கழகம் லத்தீனில்தான் வெளியிட்டுக்கொண்டிருந்தது. நாட்டின் சுரங்க அதிகாரியும் மருந்துக் கடைக்காரரும் படிக்க வேண்டும் என்பது ஸ்டாக்ஹோம் கழகத்தின் எண்ணம். அப்படி ஒரு மருந்துக் கடைக்காரர் படித்தார், எழுதவும் செய்தார்.

அவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. அன்று சுவீடனின் ஆட்சியில் இருந்த ஷ்டிரால்சுண்டில் 1742இல் பிறந்தவர். சேப்பிங் என்ற சிறு நகரில் மருந்துக் கடை நடத்தினார். ஆக்சிஜனையும் குளோரினையும் தனித்துக் கண்டவர். 1781இல் கழகத்தின் இதழில் டங்ஸ்டனின் உட்கூறுகளைப் பற்றி அவருடைய கட்டுரை வந்தது. தலைப்பிலேயே அச்சொல் இருந்தது. சொல் குறித்தது கல்லைத்தான். கல்லைச் சிதைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் இதுவரை அறியப்படாத ஓர் அமிலம் என்று அவர் காட்டினார். இரும்பு அதன் உட்கூறே இல்லை. உப்சாலாவில் பேராசிரியராக இருந்த தோர்பெர்ன் பெர்க்மன், இந்த அமிலத்தை ஒடுக்கினால் புதிய உலோகம் ஒன்று கிடைக்கக்கூடும் என்றார். சொன்னாரே தவிர, உலோகத்தைச் சுவீடனில் யாரும் அப்போது பிரித்தெடுக்கவில்லை.

இங்கே கதைக்குள் ஓர் ஓநாய் நுழைகிறது.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளீயம் உருக்கியவர்களுக்கு ஒரு கறுத்த கனிமம் தலைவலியாக இருந்தது. அது கலந்துவிட்டால் ஈயம் கசடோடு போய்விடும்; உருக்கி வருவது குறையும். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல இது ஈயத்தைத் தின்கிறது என்றார்கள். 1546இல் அக்ரிகோலா தம் கனிமவியல் நூலில் இதை லத்தீனில் 'ஓநாயின் நுரை' என்று குறித்தார். ஜெர்மன் வடிவம் 'வொல்ஃப்ராம்'. முற்பகுதி ஓநாய் என்பதில் ஐயமில்லை. பிற்பகுதியைப் பாலாடை, நுரை என்பாரும், புகைக்கரி, அழுக்கு என்பாரும் உண்டு. அந்தக் கறுத்த கனிமத்தைத் தேய்த்தால் வரும் நிறத்தை எண்ணினால் கரிதான் பொருந்துகிறது என்பது என் சார்பு. எப்படியானாலும் இதுவும் ஒரு தொகைச்சொல். இதுவும் சுரங்கத்தில் பிறந்தது. சுவீடன் சொல் கல்லின் எடையைச் சொல்கிறது. ஜெர்மன் சொல்லில் நட்டப்பட்டவனின் எரிச்சல் தெரிகிறது.

ஸ்பெயினின் பாஸ்க் நாட்டைச் சேர்ந்த எலூயார் சகோதரர்கள், ஹுவான் ஹோசேயும் ஃபவுஸ்தோவும், பெர்காராவில் இருந்த கல்விக்கூடத்தில் இந்த வொல்ஃப்ராம் கனிமத்தை ஆராய்ந்தார்கள். மூத்தவரான ஹுவான் ஹோசே 1782இல் உப்சாலா சென்று பெர்க்மனிடம் பயின்றவர். ஊர் திரும்பியபின் 1783இல் சகோதரர்கள் இருவரும் வொல்ஃப்ராமிலிருந்து மஞ்சள் நிறப் பொடி ஒன்றைப் பிரித்தார்கள். அது ஷீலேயின் கனத்த கல்லில் இருந்த அதே அமிலப்பொருள்தான் என்று கண்டார்கள். அதைக் கரித்தூளோடு கலந்து மூசையில் இட்டுச் சூடேற்றினார்கள். உலோகம் கிடைத்தது. எந்தத் தாதிலிருந்து எடுத்தோமோ அதன் பெயரே இருக்கட்டும் என்று 'வொல்ஃப்ராம்' என்றார்கள். வெள்ளைக் கல்லும் கறுத்த கல்லும் ஒரே உலோகத்தின் இரு வீடுகள் என்று இவ்வாறு தெரியவந்தது. வீடு இரண்டு என்பதால் பெயரும் இரண்டாயிற்று.

இதற்குப் பின் நடந்ததுதான் சொல் வரலாற்றில் சுவையானது. 1821இல் ஜெர்மன் கனிமவியலாளர் லியோன்ஹார்ட், ஷீலேயின் நினைவாக அந்த வெள்ளைக் கல்லுக்கு 'ஷீலைட்' என்று பெயரிட்டார். கல்லுக்குப் புதுப் பெயர் வந்ததால் பழைய பெயர் வேலையற்றுப் போயிற்று. ஆனால் அது சாகவில்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது கல்லை விட்டிறங்கி, கல்லுக்குள் இருந்த உலோகத்தின்மேல் ஏறிக்கொண்டது. நம் இலக்கணக்காரர் இதை ஆகுபெயர் என்பர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்குத் தொன்றுதொட்டு ஆகிவருவது. பண்புத்தொகையாகப் பிறந்த சொல், ஆகுபெயராக வளர்ந்து, இறுதியில் இடுகுறி போல நின்றுவிட்டது.

சுவீடனிலோ அது நிகழவில்லை. இன்று சுவீடன் மொழியில் அந்த உலோகத்தின் பெயர் 'வொல்ஃப்ராம்'. துங்ஸ்டேன் என்றால், பழைய வழக்கில், ஷீலைட் கனிமம். உலகுக்கு ஒரு சொல்லைக் கொடுத்த மொழி அதைத் தான் பயன்படுத்தவில்லை. ஜெர்மன் ஓநாயை வீட்டுக்குள் விட்டுக்கொண்டது. தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்த பெர்சிலியஸும் சுவீடன்காரர்தான். அவர் வகுத்த முறையில் இந்த உலோகத்துக்கு நிலைத்த குறியீடு டபிள்யூ என்ற எழுத்து. வொல்ஃப்ராமின் முதலெழுத்து. தனிம அட்டவணையில் டங்ஸ்டனுக்கு ஏன் டபிள்யூ என்று வேதியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விக்கு விடை இதுதான்.

இந்த விசித்திரத்துக்கு ஜெர்மன் வேதியியலின் செல்வாக்கு என்ற விளக்கத்தைச் சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் எனக்குப் போதவில்லை. மொழியின் உள்ளிருந்து பார்த்தால் இன்னொன்று புலப்படுகிறது. ஓர் உலோகத்தைப் பார்த்து 'கனத்த கல்' என்று சொல்ல சுவீடன்காரரின் நா எழுந்திருக்காது. அவர் காதில் அச்சொல்லுக்குள் கல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உருக்கி எடுத்த உலோகம் எப்படிக் கல்லாகும்? ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அந்தத் தடை இல்லை. சொல்லின் பொருள் விளங்காத காரணத்தால்தான் அதை அவர்களால் உலோகத்துக்குச் சூட்ட முடிந்தது. மரச்செக்கு, கற்செக்கு என்று பிரித்தறியும் நாம் இரும்புச்செக்கையும் செக்கு என்கிறோம். ஆனால் இரும்பாலானதைக் 'கற்செக்கு' என்று ஒருநாளும் சொல்லமாட்டோம். வெளியூரார் ஒருவர் கற்செக்கு என்பதை ஒற்றைச் சொல்லாகக் கேட்டுப் பழகினால் தயங்காமல் சொல்லக்கூடும். கடன்வாங்கியவனுக்குக் கிடைக்கும் சுதந்திரம் இது.

ஜெர்மானியர் இக்கல்லின் பெயரை ஒரு கட்டத்தில் மொழிபெயர்த்தும் வழங்கினர். 'ஷ்வேர்ஷ்டைன்' என்பது அதே கனத்த கல். ஜப்பானியரோ இரண்டு வழியையும் வைத்துக்கொண்டார்கள். உலோகத்துக்கு ஒலிபெயர்ப்பாக 'தங்குசுதென்'. தாதுக்கு, கனம், கல் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து 'ஜூசெகி'. கல்லுக்குக் கல் பெயரும், உலோகத்துக்குப் பொருள் தெரியாத பெயரும். க்ரோன்ஸ்டெட் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

உலகம் இன்றும் இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கிறது. ரஷ்யா, போலந்து, ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா எல்லாம் ஓநாய்க் கட்சி. ஆங்கிலமும் பிரெஞ்சும் கல் கட்சி. 1949இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு வேதியியல் அமைப்பு வொல்ஃப்ராமையே பரிந்துரைத்தது. ஆங்கிலம் பேசுவோர் கேட்கவில்லை. 2005இல் அதே அமைப்பின் பெயரிடல் விதிநூல் வொல்ஃப்ராமைக் கைவிட்டபோது ஸ்பெயின் வேதியியலாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பிரித்தெடுத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், அவர்கள் வைத்த பெயரை நீக்க நீங்கள் யார் என்பது அதன் சாரம். நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

தொழிற்சாலைகள் இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லாமல் சமரசம் செய்தன. 1904இல் யுஸ்ட், ஹனமன் என்ற இருவர் இவ்வுலோகத்தால் விளக்கிழை செய்யும் முறைக்கு ஹங்கேரியில் காப்புரிமை பெற்றனர். அதை உற்பத்தி செய்த புடாபெஸ்ட் நிறுவனம் தன் விளக்குக்கு 'டங்ஸ்ராம்' என்று பெயர் வைத்தது. டங்ஸ்டனின் தலை, வொல்ஃப்ராமின் வால். ஒரே உலோகத்தின் இரு பெயர்களையும் வெட்டி ஒட்டிய வணிகப்பெயர் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நம்மூர்க் கடைகளிலும் விற்ற 'ஆஸ்ராம்' விளக்கின் பெயர் ஆஸ்மியம், வொல்ஃப்ராம் இரண்டின் கலப்பு. எளிதில் நொறுங்கும் இவ்வுலோகத்தைக் கம்பியாக இழுக்கும் வித்தையை அமெரிக்காவில் கூலிட்ஜ் 1910ஆம் ஆண்டளவில் கைவரப்பெற்றார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் குண்டு பல்பு எரிந்த வீடுகளிலெல்லாம் அந்த இழைதான். 3422 பாகை செல்சியஸில்தான் உருகும்; உலோகங்களில் இதற்கு மேல் எதுவுமில்லை. தூய உலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழ தங்கத்துக்குச் சமம். கல்லாக இருந்தபோது பெற்ற 'கனத்த' என்ற அடைமொழி உலோகத்துக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. கல் என்பதுதான் பொருந்தவில்லை.

இனி நம் பக்கம். முதல் உலகப் போரின்போது ஆயுத எஃகுக்கு இவ்வுலோகம் தேவைப்பட்டது. அப்போது பிரித்தானிய இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவில் தவாய்ப் பகுதியிலிருந்து பெருமளவில் தாது போயிற்று. ராஜஸ்தானின் டேகானாவிலும் தோண்டினார்கள். அன்றைய அரசு ஆவணங்களில் தாதின் பெயர் பெரும்பாலும் வொல்ஃப்ராம்தான். ஆங்கிலேயர் உலோகத்தை டங்ஸ்டன் என்றும் தாதை வொல்ஃப்ராம் என்றும் பிரித்து வழங்கினர். தமிழுக்குப் பாடநூல் வழியாக வந்தது டங்ஸ்டன். மொழிக்கு முதலில் நிற்காத டகரம், ஙகரத்தை அடுத்து ஸகரமும் டகரமும் என்று இச்சொல் நம் எழுத்து மரபின் விதிகள் பலவற்றை ஒரே மூச்சில் மீறுகிறது. அதனாலேயே டங்ஸ்டன், டங்க்ஸ்டன், டங்ஸ்டென் என்று பல உருவங்களில் அச்சேறுகிறது. இலங்கைத் தமிழ் வழக்கில் இது 'தங்குதன்'. ஒலி மரபுக்கு இணங்கிய அழகான வடிவம். 'தங்கு' என்ற நம் வினைச்சொல் தற்செயலாக உள்ளே வந்து அமர்ந்துகொண்டதால் சொல்லுக்கு ஒரு பொய்யான தமிழ் முகமும் கிடைத்திருக்கிறது.

நூறாண்டுக் காலம் பல்புக்குள் இருந்த இந்தச் சொல், 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் திடீரென்று நிலத்தின்மேல் வந்து விழுந்தது. நவம்பர் 7 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் அறிவித்த ஏல முடிவுகளுள் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' ஒன்று. பரப்பு 2015.51 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலத்தின் பகுதியும் அடங்கியிருந்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு சிற்றூர்களில் 193.42 ஹெக்டேர் பரப்பை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில்தான் தமிழ்நாடு அரசு அறிவித்திருந்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் என்று அரசின் குறிப்பே கணக்குச் சொல்கிறது. முற்காலப் பாண்டியரின் குடைவரைக் கோயில் அங்கே இருக்கிறது. கழிஞ்சமலைக் குகைத்தளத்தின் நெற்றியில் ஏறத்தாழ 2200 ஆண்டுப் பழமையுள்ள தமிழ்பிராமி எழுத்துகள் இருக்கின்றன.

ஏல அறிவிப்பில் வந்த பெயரை இப்போது மீண்டும் படித்துப் பாருங்கள். நாயக்கர்பட்டி என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. தொகுதி என்ற அலுவலகச் சொல் இருக்கிறது. நடுவில் பொருள் திறவாத டங்ஸ்டன். குன்றும் சுனையும் அந்தப் பெயரில் இல்லை. கல்கூட இல்லை, இருந்த கல்லும் நமக்குத் தெரியாத மொழியில் ஒளிந்திருக்கிறது. பிஸ்ப்பெர்க்கில் கல்லைக் கையிலெடுத்தவர்கள் இட்ட பெயர், தான் எந்த மலையைக் குறிக்கிறது என்று காட்டாமலே ஒரு மலையை ஏலத்தில் குறிக்கும் அளவுக்குப் பயணம் செய்திருக்கிறது. ஆகுபெயரின் எல்லை இவ்வளவு தூரம் நீளும் என்று நம் உரையாசிரியர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஊர்க்காரர்கள் அச்சொல்லைத் தங்கள் வழியில் மாற்றினார்கள். ஊர்க்கூட்டங்களிலும் கிராமசபைத் தீர்மானங்களிலும் டங்ஸ்டன் என்பது உலோகத்தின் பெயராக இல்லை. இழக்கப்போகும் குன்றுக்கும் கண்மாய்க்கும் பாசனத்துக்குமான சுருக்கப் பெயராயிற்று. செய்தித்தாள்கள் 'டங்ஸ்டன் போராட்டம்' என்று எழுதின. சொல் மீண்டும் ஒருமுறை ஆகுபெயரானது. இம்முறை உலோகத்திலிருந்து திரும்பிக் கல்லை நோக்கி, மலையை நோக்கி. 2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் பல்லாயிரவர் மதுரையை நோக்கி நடந்தனர். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

கழிஞ்சமலைக் கல்வெட்டைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அங்கே குகையைக் குறிக்க வழங்கியுள்ள சொல் 'முழாகை'. பிற்கால இலக்கியத்தில் நாம் படிக்கும் 'முழை' என்பதன் இனம். முழாகை வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆயினும் அது செதுக்கப்பட்ட குகையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், சொல் எதைக் குறிக்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.